இரண்டாவது இடுப்பளவு

கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒழுங்காக மூடவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ எழுதி, கீழே 'ஓகே' என்று ஒரு பட்டனைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஓகே இல்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் வராது. கைதான் முந்தும்.

பின்னால் ஒரு பஸ் டிரைவர் நின்றிருந்தார். கழுத்தில் விரத மாலை, முகத்தில் தாடி, வெறுங்கால். அவருடைய காவடிதான் அந்தத் திரைக்குள் இருந்தது. இருந்திருக்க வேண்டும்.

"என்னக்கா, கரண்டு போச்சா?"

"போகல. நான்தான் புடுங்கினேன்."

"அலமாக்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். விரதத்தில் இருப்பவர், வேறு வார்த்தை பேசக்கூடாது. எனக்கு விரதம் இல்லை. இருந்தும் பேசவில்லை.

காவடி செய்வது எங்கள் தொழில். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில், டயர் கடைக்கும் கார் பெயின்ட் கடைக்கும் நடுவில் எங்கள் பட்டறை. முன்பக்கம் அலுமினியம் வளைப்பது. பின்பக்கம் பலகை வெட்டும் மெஷின். விளம்பரப் பலகை செய்த சீனர் ஒருவர் கடையை மூடியபோது அவரிடம் வாங்கியது. கணவர் வரைவார், பற்றவைப்பார். நான் வளைப்பேன், அராவுவேன், அளவெடுப்பேன். அளவெடுப்பது என்றால் ஆளைத் தொடமாட்டேன். விரதக்காரர்கள். டேப்பை அவர்களே சுற்றிக்கொள்வார்கள். நான் தள்ளி நின்று எண்ணைப் படிப்பேன்.

நான் பிறந்த ஊர் பெக்கான் நானாஸ். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு சரி. அப்புறம் அன்னாசி டின் ஃபேக்டரி. அன்னாசிச் சாறு விரல் தோலைத் தின்றுவிடும். இன்றைக்கும் என் கட்டைவிரல் ரேகை சரியாக இல்லை. ஐசி என்கிற அடையாள அட்டையை மாற்றப் போனால் ரேகை வாங்கும் மெஷின் என் விரலைத் துப்பிவிடும். மெஷின்களுக்கும் எனக்கும் அப்போதிருந்தே ஆகாது.

தம்பி அப்படி இல்லை. படித்தான். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறான். வாரம் முழுக்க அங்கே ஒரு அறையில் இருப்பான். சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவான். வந்ததும் பாலத்து ஜாமைத் திட்டுவான். அப்புறம் தூங்குவான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவன்தான் என் கணவரிடம் ஆரம்பித்தான்.

"மாமா, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுடலாம். ஒரு காவடிய அப்படியே ஒரு ஃபைலா வச்சுக்கலாம். வேணும்போது திறந்தா முழுக் காவடியும் வந்து நிக்கும்."

"நட்டு போல்ட்டோடயா மாப்ள?"

"நட்டு போல்ட்டோட."

எழுதிக் கொடுத்தான். ஆளின் அளவு, எத்தனை பலகைத் தட்டு, ஒவ்வொரு தட்டிலும் மயில் எங்கே வளைகிறது, தோகை எங்கே முடிகிறது, எல்லாம் அதற்குள் போகும். கணவர் தாளில் பென்சிலால் வரைந்ததை அவன் மௌஸை நகர்த்தி நகர்த்தி உள்ளே ஏற்றினான். கணவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். "அந்தத் தோகை இன்னும் கொஞ்சம் சோம்பேறியா விழணும் மாப்ள. நீ போட்டது பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்குது."

அளவு போடும் இடத்தில் இடுப்பு இரண்டு முறை வரும். அது கணவர் சொல்லி வைத்தது. மாலை போடும் அன்று ஒரு இடுப்பு. காவடி எடுப்பதற்கு முந்தின நாள் ஒரு இடுப்பு. விரதத்தில் ஆள் இறங்கிவிடுவான். தொப்பை வைத்தவன்கூட பெல்ட்டை உள்ளே இழுத்துப் போடுவான். முதல் இடுப்புக்குச் சட்டத்தை வளைப்போம். இரண்டாவது இடுப்பைப் பார்த்து இடுப்புப் பட்டைக்குள் மெத்தை வைத்துத் தைப்போம். அப்படிச் செய்யாவிட்டால் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். சட்டம் ஆடும். உடம்பில் குத்தியிருக்கும் கம்பி சதையை இழுக்கும். காவடிக் கடையில் வேலை செய்யும் எவனும் இதை மறக்கமாட்டான்.

போன வருஷம் கணவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. கை திரும்பவில்லை. கரண்டியைப் பிடிக்கும். பென்சிலைப் பிடிக்காது. தினமும் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்காருவார். நான் வளைப்பதைப் பார்த்துக் "கோணல்" என்பார். கோணல் இருக்காது. இருந்தாலும் இன்னொரு முறை தட்டுவேன். பற்றவைக்க இப்போது வெளியாள் வருகிறார். வரைய ஆள் இல்லை. உள்ளே ஏற்றி வைத்த படங்களை வைத்துத்தான் பிழைப்பு.

அப்புறம் டிசம்பர் மழை. ரோட்டோரச் சாக்கடை நிரம்பிப் பட்டறைக்குள் தண்ணீர் வந்தது. வெட்டி, வர்ணம் அடித்து, கண்ணாடி ஒட்டிய தட்டுகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். ஊறிப் பிளந்து போயின. அலுமினியம் பிழைத்தது. கணவர் வரைந்த தாள்கள் அலமாரியின் அடியில் இருந்தன. கையில் எடுத்தால் கஞ்சி மாதிரி வழிந்தன. கணினி சாமி படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஃபைல் இருக்கு. திரும்ப வெட்டிக்கலாம்" என்றேன்.

கணவர் தலையாட்டினார். தாள்களை நான் குப்பைப் பையில் அள்ளிப் போட்டதை அவர் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் கேள்விப்பட்டுத்தான் டிரைவர் வந்தார்.

அவர் ஃபேக்டரி ஆட்களைச் சிங்கப்பூருக்கு ஏற்றிப் போகிறவர். பிறந்து வருஷக்கணக்காகியும் அவர் மகளுக்குப் பேச்சு வரவில்லை. மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். முதல் வருஷம் எங்களிடம்தான் செய்தார். தைப்பூசத்தன்று காவடியை இறக்கி வைத்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு, "மூணு வருஷமும் இதே காவடி முருகா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். யார் இவரை 'இதே' என்று சொல்லச் சொன்னது? காவடி என்றால் போதாதா? சொல்லிவிட்டார். இரண்டாம் வருஷமும் அதையே பூட்டிக் கொடுத்தோம். மகள் இப்போது பேசுகிறாள். நிறுத்து என்றாலும் நிறுத்துவதில்லை. இது மூன்றாம் வருஷம். இதே காவடியை எடுக்காவிட்டால் சாமியிடம் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன் என்பது அவர் பயம். மகளின் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? அவர் அதை வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, என் மயிலு?"

"ஊறிப்போச்சு."

டயர் கடைக்காரர் போட்டு வைத்திருந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டித் தரேன். அதே மயிலு. ஃபைல் இருக்கு" என்றேன்.

"புதுப் பலகைக்கா. அதே காவடின்னு எப்படிச் சொல்றது?"

உள்ளிருந்து கணவர் மெதுவாகச் சொன்னார். "முருகன் பலகையவா பாக்கப் போறாரு? மயிலத்தான் பாப்பாரு. அவரு வண்டி அது."

டிரைவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப மயிலு அப்படியே வரணும் அண்ணே. ஒரு றெக்கை கூடக் கொறையக்கூடாது."

"வரும்லா" என்றார் கணவர்.

கணினியைப் போட்டேன். தட்டெல்லாம் முன்பே வெட்டி வைத்திருந்ததால், தீபாவளிக்குப் பிறகு அன்றுதான் முதல் முறை. ஓடுகிறதா என்று பார்க்கப் பட்டியலில் மேலே இருந்த அன்னத்தைத் திறந்தேன். கணவர் முதன்முதலாக வரைந்து ஏற்றிய காவடி அது. இரண்டு பக்கமும் அன்னங்கள் கழுத்தைத் திருப்பித் தங்கள் முதுகையே பார்க்கும். திரையில் ஒரு ஆள் உருவம் வந்தது. குள்ளன். தோள் கதவு அகலத்துக்கு இருந்தது. உயரம் முழங்கால் வரைகூட இல்லை. அன்னத்தைக் காணோம். சிவப்பெழுத்து வந்தது. ஓகே என்றது. அழுத்தினேன். தம்பி சொல்லிக் கொடுத்த மாதிரி ஒழுங்காக மூடினேன்.

டிரைவருடையதைத் திறந்தேன். அதே குள்ளன்.

"இது யாருக்கா? நானா?" டிரைவர் எட்டிப் பார்த்தார். "தவக்களை மாதிரி இருக்கேன்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார். "என் மயிலு எங்கக்கா?"

சிவப்பெழுத்து வந்தது. ஓகே என்றது. அப்போதுதான் பிளக்கைப் பிடுங்கினேன்.

டிரைவர் போன பிறகு தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன்."

"ஃபைல் திறக்க மாட்டேங்குது. குள்ளன் வரான்."

"என்ன வரான்?"

"குள்ளன். மயிலு இல்ல."

"அப்ப ஃபைல் ரோசாக் ஆயிருக்கும். கெட்டுப்போச்சு. தண்ணி உள்ள போயிருக்கும்."

"தண்ணி அதத் தொடல."

"பழைய கம்ப்யூட்டர்லா அது. எத்தன வருஷம் வரும்?"

"தீபாவளிக்கு வந்தப்ப அதுல என்ன பண்ணின?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். "புது வெர்ஷன் போட்டேன். பழசு ரொம்ப அசிங்கமா எழுதியிருந்தேன். சுத்தம் பண்ணினேன். வேகமா இருக்கும்."

"யாரு கேட்டா வேகம்?"

"அக்கா..."

"மாமா கேட்டாரா? நான் கேட்டேனா?"

"சரி சரி, இப்ப அது எப்படி இருக்கு? அந்த ஸ்கிரீன அப்படியே வச்சிரு."

"பிளக்கப் புடுங்கிட்டேன்."

"அய்யோ! பிளக்கயா புடுங்கின? மூடிட்டுத்தான் அணைக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அப்படிப் புடுங்கினாத்தான் ஃபைல் கெட்டுப்போகும்! இப்ப எது கெட்டுச்சு, எப்பக் கெட்டுச்சுன்னே தெரியாது. சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் தொடாத."

ஃபோனை வைத்தேன். தொடாத என்கிறான். தொட்டவன் அவன்.

சனிக்கிழமை வருவதற்குள் எனக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவர் வேலை முடிந்து திரும்பும்போது காலி பஸ்ஸைக் கடைக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பார். "மயிலு?" என்று சன்னல் வழியாகக் கேட்பார். "சனிக்கிழமை" என்பேன். மறுநாளும் ஹாரன். மறுநாளும் சனிக்கிழமை. தைப்பூசம் அதுபாட்டுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. வெட்டிய பிறகு தேய்க்க வேண்டும், வர்ணம் காய வேண்டும், கண்ணாடி ஒட்ட வேண்டும். ஊரில் வேறு கடை இல்லாமல் இல்லை. வேறு மயில் இல்லாமல் இல்லை. இந்த மயில் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் கணவர் பென்சில் கேட்டார். கொடுத்தேன். இடது கையில் பிடித்தார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். நான் பார்க்காத மாதிரி அராவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் வரைந்தார். வேர்த்துவிட்டது. அப்புறம் பலகையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கோழி" என்றார். "பிரியாணிக்கு ஆகும்."

பென்சிலை எறிந்தார். அது உருண்டு மெஷினுக்கு அடியில் போனது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதிருப்பேன். அழுவதற்கு நான் தயாராக இல்லை, கோபம்தான் இருந்தது. அதைச் சனிக்கிழமைக்காக வைத்துக்கொண்டேன்.

தம்பி வந்தான். பாலத்து ஜாமைத் திட்டவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தான். தன் லேப்டாப்பை எடுத்து வைத்தான். எங்கள் கணினியைத் திறந்து ஃபைலெல்லாம் இருக்கும் பெட்டியைக் கழற்றி அதில் மாட்டினான்.

"மொதல்ல எல்லாத்தையும் காப்பி எடுக்கணும். அசலத் தொடக்கூடாது."

"இப்பத் தெரியுதா?"

அவன் திரையில் வெறும் எண்கள் வந்தன. வரிசை வரிசையாக, எறும்பு போகிற மாதிரி. இதுதான் மயில் என்றான்.

"இதுவா?"

"ஃபைலுக்குள்ள படம் இல்லக்கா. எல்லாம் நம்பர்தான். காவடியப் பிரிச்சு ஒண்ணொண்ணா வரிசையா எழுதி வைக்கும். திறக்கும்போது அதே வரிசையில எடுத்துத் திரும்பப் பூட்டும். சீரியலைஸ்னு சொல்லுவோம்."

"சீரியலா? உங்கக்காவுக்கு ரொம்பப் புடிக்குமே" என்றார் கணவர் நாற்காலியிலிருந்து.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

தம்பி எண்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே போனான். முதல் எண்ணில் நின்றான். அடுத்ததில் நின்றான். திரும்ப முதல் எண்ணுக்குப் போனான். கழுத்தைச் சொறிந்தான். சின்ன வயதிலிருந்தே தப்புச் செய்துவிட்டால் அங்கேதான் சொறிவான்.

"சொல்லு" என்றேன்.

"ரெண்டு இடுப்பு இருந்துச்சு அக்கா. பழைய புரோகிராம்ல. நான் எழுதினதுதான். சுத்தம் பண்ணும்போது பாத்தேன். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு இடுப்பு? தெரியாம ரெண்டு தடவ போட்டுட்டேன்னு நெனச்சு ஒண்ண எடுத்துட்டேன்."

நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன்.

"பழைய ஃபைல்ல ரெண்டாவது இடுப்பு இருக்கு. புதுப் புரோகிராமுக்கு அது தெரியாது. அதத் தோளுன்னு எடுத்துக்குது. தோள உயரம்னு எடுத்துக்குது. அதான் குள்ளன். உயரத்த எடுத்து, இத்தன தட்டு இருக்குன்னு நெனச்சுத் தேடுது. அவ்வளவு தட்டு எங்க இருக்கு? ஃபைல் முடிஞ்சுபோச்சு. சிவப்பு வந்துருச்சு."

"மாமா உன் பக்கத்துல உக்காந்து சொல்லித்தானே ரெண்டு இடுப்பு போட்ட?"

"எத்தன வருஷம் ஆச்சுக்கா. ஏன் ரெண்டுன்னு மறந்துட்டேன்."

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டா என்ன?"

"சின்ன விஷயம்னு நெனச்சேன்."

"நீ ஒரு வருஷமாவது விரதம் இருந்திருந்தா இடுப்பு எப்படி எறங்கும்னு தெரிஞ்சிருக்கும். நீ சனிக்கிழமையானா பிரியாணிப் பொட்டலத்தோட வர்றவன்."

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. தோளை உயரம் என்று எப்படி எடுக்கும்? தோள் என்று எழுதியிருக்காதா? கேட்டேன்.

"பேரெல்லாம் எழுதல. வெறும் நம்பர்தான். எது எதுன்னு வரிசைய வச்சுத்தான் தெரியும்."

அங்கேதான் எனக்கு வாய் திறந்தது. காவடியைப் பிரித்து லோரியில் ஏற்றும்போது ஒவ்வொரு துண்டிலும் கலர் நூல் கட்டுவோம். சிவப்பு இடது, பச்சை வலது, மஞ்சள் முதுகு. கோயில் வாசலில் ஆயிரம் பேர் இடிக்கும்போது எது எதுவென்று யோசிக்க நேரம் கிடைக்காது. அந்த நூலை இவனே கட்டியிருக்கிறான், பள்ளிக்கூட லீவில். ஃபேக்டரியில் அன்னாசி டின்னுக்கு லேபல் ஒட்டுவதற்கு முன்னாலேயே மூடியில் அச்சு விழும், உள்ளே வட்டமா துண்டா என்று தெரிய. ஒரு ரிங்கிட் அன்னாசிக்கு அது. என் புருஷன் கையை வைத்து வரைந்ததற்கு ஒரு அடையாளம்கூட இல்லை. இதையெல்லாம் கத்தினேன். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தம்பியும் கத்தினான். "எனக்குத் தெரியாதா? ஃபைல் தலையில மொதல்ல வெர்ஷன் நம்பர் போடணும். பழசா புதுசான்னு பாத்துட்டுத்தான் படிக்கணும். இதெல்லாம் மொத வருஷப் பாடம். கம்பெனில ஒரு தடவகூட விட்டதில்ல. விட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவான்."

"இங்க ஏன் விட்ட?"

அவன் கத்துவதை நிறுத்தினான். கீழே பார்த்தான்.

"வீடுதானேன்னு" என்றான்.

அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்றைக்கும் இருக்கிறது. மறந்தது பரவாயில்லை. மனுஷன் மறப்பான். வீடுதானே என்றான் பார். எவனோ ஒரு முதலாளியின் எண்களுக்குத் தலையில் முத்திரை வைத்துப் பத்திரமாகக் கட்டுவான். மாமாவின் மயிலுக்கு வேண்டாம். வீடுதானே. அக்கா என்ன வேலையை விட்டா தூக்கப்போகிறாள்? சோறு போட்டுத் தூங்கவைப்பாள்.

நான் வெளியே போய்க் கோப்பி கலக்கினேன். இரண்டு கிளாஸ். அவனுக்கு இல்லை. கணவர் தன் கிளாஸை இடது கையால் அவன் பக்கம் நகர்த்தினார். அதையும் பார்த்தேன்.

கிளாஸைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்தபோது தம்பி பட்டியலைக் காட்டினான். "அக்கா, அன்னம் ஃபைல் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? மயிலு பெருசா இருக்கு. அன்னம் ஒண்ணுமே இல்ல."

"அதத்தான் மொதல்ல திறந்தேன். ஓகே அழுத்தி மூடினேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரி."

அவன் கழுத்துக்குக் கை போனது.

"மூடும்போது அதுவே திரும்பச் சேமிச்சுக்கும். நீ மறந்துடுவன்னு நான்தான் அப்படி வச்சேன். உள்ள என்ன வந்துச்சோ அத மட்டும் எழுதும். உள்ள வந்தது அந்தக் குள்ளன்தான். அவனப் பழசு மேல எழுதிருச்சு."

"அன்னம்?"

"போச்சுக்கா."

"நீ எண்ணத் தொட்டுப் பாத்தியே. அதுல இல்லயா?"

"அதுல அன்னத்தோட எண்ணே இல்ல. தேடிப் பாக்குறேன். எனக்கு நம்பிக்கை இல்ல."

"டிரைவரோடது?"

"நீ பிளக்கப் புடுங்கிட்ட. மூட நேரம் கிடைக்கல. அதனால எழுதல. அப்படியே முழுசா இருக்கு."

ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"அப்போ புடுங்குனது நல்லதுங்கிற" என்றார் கணவர்.

"இந்த ஒரு தடவ மாமா."

அவன் வேலையைத் தொடங்கினான். எடுத்த இடுப்பைத் திரும்ப வைத்தான். பழைய வரிசையில் படிக்கும்படி எழுதினான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கை வலிக்கிறதா என்றோ பசிக்கிறதா என்றோ கேட்கவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் "இப்பப் பாரு" என்றான்.

முதலில் ஆள் வந்தார். குள்ளன் இல்லை. டிரைவர் உயரம், டிரைவர் தோள். அப்புறம் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் மயில். கழுத்து, றெக்கை, தோகை.

தம்பி கணவரைப் பார்த்தான். நானும் அவரைத்தான் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னார். இழுத்துப் போட்டேன். திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துத் தோகையைப் பார்த்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"சோம்பேறியா விழுதா மாமா?" என்று கேட்டான் தம்பி.

"விழுது" என்றார். "வெட்டு."

அன்றைக்கே மெஷினைப் போட்டோம். பலகைத் தூள் பறந்து மூன்று பேர் தலையும் வெள்ளையாகிவிட்டது. தம்பி மறுநாள் சிங்கப்பூர் போகவில்லை. லீவு போட்டுவிட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தெரியாது, கற்றுக்கொண்டான். நான் அவனோடு பேசவில்லை. "தள்ளு", "பிடி", இதற்கு மேல் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஹாரன் அடித்தது. டிரைவர் சன்னலைத் திறக்கும் முன்னாலேயே நான் தட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் பஸ்ஸை ரோட்டிலேயே விட்டு இறங்கி வந்தார். பின்னால் கார்கள் கத்தின. தட்டைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதேதான்" என்றார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் வந்தார், மகளோடு. மகள் பட்டறையில் இருந்த ஒவ்வொன்றையும் காட்டி இது என்ன இது என்ன என்று கேட்டாள். கணவர் ஒன்று விடாமல் பதில் சொன்னார். டிரைவர் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டார். நான் எண்ணைப் படித்தேன். நன்றாக இறங்கியிருந்தார். மெத்தையைத் தடிமனாக வைத்துத் தைத்தேன். தம்பி கணினியில் இரண்டாவது இடுப்பைப் போட்டான். அந்த இடத்துக்குத் தமிழிலேயே பேர் வைத்திருந்தான். 'விரதம் முடிஞ்ச இடுப்பு.' ஃபைல் தலையில் முத்திரையும் வைத்துவிட்டானாம். காப்பி மூன்று இடத்தில் இருக்கிறதாம். மூடும்போது அதுவாக எழுதாதாம், கேட்கும்.

"சேமிக்கவா அக்கா?" என்றான்.

நான் பிளக்கைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"ம்" என்றேன்.

மறுநாள் கோயில் வாசலில் லோரியிலிருந்து துண்டுகளை இறக்கினோம். சிவப்பு நூல், பச்சை நூல், மஞ்சள் நூல். வரிசையாகப் பூட்டினோம். காவடி டிரைவர் தோளில் ஏறியது. ஆடவில்லை. உறுமி மேளம் தொடங்கியதும் அவர் நடந்தார். மயிலின் தோகை ஒவ்வொரு அடிக்கும் மெதுவாக அசைந்தது. மகள் முன்னால் ஓடிக்கொண்டே "அப்பா, அப்பா" என்று கத்தினாள். மேளத்தையும் மீறிக் கேட்டது. காவடியை இறக்கியபோது அவர் சாமியிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இந்த முறை மெதுவாகத்தான் சொன்னார்.

அன்னதானத்தில் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கோபம் போச்சா?"

"இல்ல."

"டிரைவரு காவடி எடுத்துட்டாருல்ல."

"எடுத்துட்டாரு."

அவன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பட்டறையில் கணினியைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அன்னத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டான். கிடைக்கவில்லை. கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடது கையால் ஏதோ வரைகிறார். பார்த்தால் வாத்து என்கிறார்.

பட்டியலில் மேலே அன்னம் என்ற பேர் மட்டும் இன்னும் இருந்தது. திறந்தால் குள்ளன் வருவான்.

"இத அழிச்சிடவா அக்கா? உள்ள ஒண்ணும் இல்ல."

"வேணாம். இருக்கட்டும்."

"எதுக்கு?"

"நீ வர்றப்பல்லாம் பாக்குறதுக்கு."